கீழிருந்து வெட்டிய கட்டுரை

செய்தித்தாள் மேஜையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவார்கள். முக்கியமானது முதல் பத்தியில் இருக்கும், அடுத்தது அதற்குக் கீழே, கடைசிப் பத்தியில் இருப்பது போனாலும் பாதகமில்லை. கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்து நின்றால், படித்துக்கூடப் பார்க்காமல் அடியில் பத்து வரியை எடுத்துவிடலாம். மேலே யாரை வைப்பது என்பதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. பதவியில் இருப்பவர் சொன்னது முதலில், பதவி இல்லாதவர் சொன்னது பிறகு. மதுரையில் ஒரு நாளிதழில் ஒன்பது ஆண்டுகள் இதைச் செய்தேன். திருமணமாகி ஷார்ஜாவுக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சென்ற ஆண்டு அந்தக் கை ஒரு தவறு செய்தது. அதைச் சொல்வதற்கு முன், அப்போது எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்ததைச் சொல்ல வேண்டும்.

மகளுக்குப் பதினேழு வயது. பிறந்தது ஷார்ஜாவில், வளர்ந்தது அங்கேயே முவைலா பகுதியில், நாங்கள் இன்னமும் இருக்கும் இதே கட்டடத்தில். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். இங்கேயே ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளைத் திருச்சிக்கு அனுப்ப முடிவு செய்திருந்தோம். கணவருடைய அண்ணன் குடும்பம் அங்கே இருக்கிறது. கல்லூரி பார்த்தாகிவிட்டது, விடுதியில் இடமும் பிடித்தாகிவிட்டது. பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தோம்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. இந்தக் கட்டடத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் ஒன்றிரண்டு பிள்ளைகள் இரண்டு பெரிய பெட்டிகளுடன் லிப்டில் இறங்குவார்கள். லாபியில் நின்று படம் எடுத்துக்கொள்வோம். ஊரோடு சேர்ந்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சட்டம் யாரையும் அப்படி விரட்டவில்லை. மணமாகாத மகள் தகப்பனின் விசாவில் தொடர்ந்து இருக்கலாம். அனுப்புவது நாங்கள்தான்.

அந்தப் பரீட்சை நாட்களில்தான் என் பழைய தலைமை உதவி ஆசிரியர் சென்னையிலிருந்து கூப்பிட்டார். ஓய்வுக்குப் பிறகு சிறிய வரலாற்று இதழ் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். அமெரிக்கா புதிய நாடாக எழுந்துகொண்டிருந்த காலத்தில், அங்கிருந்த சுதந்திரக் கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக் குடியேற்ற ஓர் இயக்கம் நடந்தது. அதைப் பற்றி இப்போதைய வரலாற்றாசிரியர்கள் புதிதாக எழுதி வருகிறார்கள். தமிழில் எளிமையாக ஒரு கட்டுரை வேண்டும் என்றார். அதிலிருந்துதான் லைபீரியா என்ற நாடு உண்டானது என்பதைத் தவிர எனக்கு அதில் எதுவும் தெரியாது. தெரியாததைப் பத்து நாளில் தெரிந்துகொண்டு எழுதுவதுதான் எங்கள் தொழில் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

கணவர் கட்டடப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் பொறியாளர். அவர் ஆறரைக்கு டியூட்டிக்குக் கிளம்புவார், மகள் ஏழு மணிக்குப் பள்ளிப் பேருந்து ஏறுவாள். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜை என்னுடையது.

படித்ததன் சுருக்கம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரியார்கள், சட்டமன்றத்தினர், பெரும் நிலக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். அடிமைகளாக இல்லாத கறுப்பினத்தவர்களை, அவர்களின் சம்மதத்தோடு, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்புவது நோக்கம். உறுப்பினர்களின் எண்ணங்கள் ஒன்றுபோல இல்லை. இப்படித்தான் அடிமைமுறை மெல்ல முடிவுக்கு வரும் என்று சிலர் நம்பினார்கள். சுதந்திரமானவர்கள் கண்முன் நடமாடினால் அடிமைகளுக்கு ஆசை வந்துவிடும், அவர்களை அப்புறப்படுத்துவது நல்லது என்று சிலர் கணக்குப் போட்டார்கள். நெடுங்காலம் ஆராய்ச்சி இந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கனவான்கள் இரக்கமுள்ளவர்களா, வெறுப்பு கொண்டவர்களா என்பதே கேள்வியாக இருந்தது.

இப்போது எழுதுகிறவர்கள் மேஜையின் மறுபக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அனுப்பப்பட இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்கிறார்கள். பிலடெல்பியாவில் சுதந்திரக் கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயத்தில் பெருந்திரளாகக் கூடினார்கள். அவர்களின் தலைவர்களில் சிலருக்கே அந்தத் திட்டத்தில் ஓரளவு நாட்டம் இருந்தது. கூட்டத்தில் கேட்டபோது போக விரும்புகிறவர் என்று ஒரு குரலும் எழவில்லை. விரும்பாதவர் என்றதும் கூட்டம் முழுவதும் எழுந்தது. நாங்கள் பிறந்தது இங்கே, எங்கள் பெற்றோர் உழைத்துச் செழிக்க வைத்த மண் இது என்றார்கள்.

அது ஒரு பகுதி. போனவர்களும் இருந்தார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று ஒரே வரியில் தள்ளுவதையும் புதியவர்கள் ஏற்பதில்லை. கப்பல் ஏறினால்தான் விடுதலை என்று எஜமானர் உயிலில் எழுதிவைத்ததால் போனவர்கள் உண்டு. யாரும் தலைநிமிர்ந்து நடக்கவிடாத ஊரில் பிள்ளைகளை வளர்ப்பதைவிடப் புதிய இடம் மேல் என்று தானே முடிவெடுத்தவர்கள் உண்டு. காய்ச்சலில் பலர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் கடிதம் எழுதினார்கள். விதை கேட்டார்கள், ஆணியும் காகிதமும் கேட்டார்கள். விட்டுவந்த அம்மாவும் தங்கையும் யார் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்தக் கரையும் காலியாக இல்லை. அங்கே ஏற்கெனவே ஊர்கள் இருந்தன. போனவர்கள் காலப்போக்கில் அவர்களை ஆளத் தொடங்கினார்கள்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஆசிரியர் கூப்பிட்டார்.

“நல்லாருக்கும்மா. ஆனா பாதியா குறைக்கணும்.”

“எப்ப வேணும் சார்?”

“இப்ப வந்தா இப்பவே பக்கம் கட்டிடுவேன்.”

இருபது நிமிடத்தில் குறைத்தேன். கை தானாகப் போய்க் கீழிருந்து எடுத்தது. கடிதங்கள் போயின, காய்ச்சல் போயிற்று, கரையில் இருந்த ஊர்கள் போயின. பிலடெல்பியா கூட்டம் இரண்டு வரியாக நின்றது. சங்கத்தாரும் அவர்களின் எண்ண ஓட்டங்களும் முழுதாக மேலே இருந்தார்கள். எழுத்துப் பிழை பார்த்து அனுப்பிவிட்டு அரிசி களைந்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு மாலை எங்கள் ஹாலில் ஏழெட்டுப் பேர் கூடுவது வழக்கம். யாராவது எழுதியதை அல்லது படித்ததை வாசிப்போம், பேசுவோம், ஆறரைக்குக் கலைவோம். மகளின் கடைசிப் பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் அந்த ஞாயிறு வந்தது. குறைத்த கட்டுரையை வாசித்தேன். வங்கியில் வேலை பார்க்கும் சென்னைக்காரர் நன்றாக இருக்கிறது என்றார். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள்.

சிவகங்கைப் பக்கத்துக்காரர் ஒருவர் உண்டு. ஏசி டெக்னீசியன், முப்பத்தைந்து வயது இருக்கும். சஜாவில் உள்ள தொழிலாளர் கேம்ப்பிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவார். எங்களில் அதிகம் படித்திருப்பவர் அவர்தான். அவர் கையை லேசாகத் தூக்கினார்.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா. அந்தக் கப்பல்ல ஏறுனவங்க என்ன சொன்னாங்க?”

“எதப் பத்தி தம்பி?”

“போறதப் பத்தித்தான். அனுப்புனவங்க சொன்னது எல்லாம் வந்துருச்சு. பாதிரியார் ஒண்ணு சொல்றாரு, எம்.பி. ஒண்ணு சொல்றாரு, அடிமை வச்சிருந்தவன் ஒண்ணு சொல்றான். ஏறுனவன் வாயே தொறக்கலையே.”

“இருந்துச்சு. இடம் பத்தலன்னு எடுத்துட்டேன்.”

“அம்புட்டுப் பேர்ல அவங்களத்தான் எடுத்தீங்களா?”

சென்னைக்காரர் சிரித்தார். “பேப்பர்னா அப்படித்தாம்ப்பா. பெரிய ஆள் சொன்னாத்தான் நியூஸ்.”

“அது சரி சார். எங்க கேம்ப்புக்கு யாராச்சும் செக்கிங் வந்தா, சாப்பாடு எப்படி இருக்குன்னு கேம்ப் பாஸ்கிட்டத்தான் கேப்பாங்க. பிரமாதம்பாரு. அவரு சாப்பிடுறது வெளிய ஓட்டல்ல.”

ஹாலே சிரித்தது. சென்னைக்காரர் விடவில்லை. “சரி, உன்னைக் கூப்பிட்டு ஊருக்கு அனுப்புறேன்னா என்ன பண்ணுவ?”

“யல்லா, கிளம்புன்னு ஏறிருவேன். பொண்டாட்டி புள்ளையெல்லாம் அங்கதான இருக்கு. ஆனா எங்க ரூம்ல கடலூர்க்காரர் ஒருத்தர் இருக்காரு. அவர அனுப்புனா அழுவாரு. அவருக்கு அங்க ஒருத்தரும் இல்ல. அதான சார் சொல்றேன், ஆளாளுக்கு வேற. கேட்டாத்தான தெரியும்.”

வெட்டியதற்கு ஒரு நியாயம் தேடினேன். அவர்கள் எழுதியது குறைவாகவே கிடைத்திருக்கிறது, அதனால் கடைசியில் வைத்தேன் என்பது கையில் இருந்தது. குறைவாகக் கிடைத்ததை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். தாள்களை மடித்துவைத்தேன்.

எல்லாரும் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தடுமாற்றம் உண்டு, கேட்டுப் புரிந்துகொள்வதில் இல்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“ம்மா, அந்த அங்கிள் சொன்னது கரெக்ட்.”

“ஆமாடா. எனக்கும் தெரியுது.”

“ஆர்ட்டிகிள்ல மட்டும் இல்ல.”

ஒரு தாளைக் கல்மேடையில் வைத்தாள். திருச்சி விடுதியின் உறுதிக் கடிதம். கணவர் அலுவலகத்திலிருந்து வீட்டுப் பிரின்ட்டருக்கு அனுப்பியிருக்கிறார், அவளுடைய தாள்களோடு சேர்ந்து வெளியே வந்திருக்கிறது. அவளுடைய பெயர், அவளுடைய பிறந்த தேதி, அறையில் மூன்று பேர்.

“இது எப்ப வந்துச்சு?” என்றேன்.

“மேத்ஸ் எக்ஸாமுக்கு முந்தின நாள். நான் அப்ப கேக்கல. நீயா சொல்வேன்னு பாத்தேன்.”

“பரீட்சை முடியட்டும்னுதான்…”

“முடிஞ்சு மூணு நாள் ஆச்சு.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்பிப் போவதில் என்ன கஷ்டம், பெரியப்பா இருக்கிறார், எல்லாரும் இருக்கிறார்கள் என்றேன்.

“திரும்பியா? நான் அங்க இருந்ததே இல்லையே. லீவுக்குப் போயிருக்கேன். பெரியம்மா வீட்டுல பாத்ரூம்ல என் பிரஷ்ஷைக்கூட வெச்சதில்ல. பேக்ல இருந்து எடுத்து, மறுபடி பேக்லயே வெச்சுப்பேன்.”

அப்போது நான் செய்தது இன்னொரு தவறு. பிலடெல்பியா கூட்டத்தைப் பற்றி அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவர்களும் இதையேதான் சொன்னார்கள், பிறந்தது இங்கே என்று, உன் மாதிரியே…

“ம்மா, டோன்ட். அவங்களை வித்தாங்க. ஃபேமிலியைப் பிரிச்சாங்க. எனக்கு ஏசி ரூம் இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு. அது வேற, இது வேற. அவங்க கதையை எடுத்து எனக்கு யூஸ் பண்ணாத.”

“சரி.”

“கேக்கலைங்கிறது ஒண்ணுதான் சேம். அதை மட்டும் சொல்லு.”

சொல்ல வேண்டிய நிலையில் இருந்தது நான். யோசித்துப் பார்த்தால், இந்த முடிவுக்காக நாங்கள் கலந்து பேசியவர்கள் ஐந்து பேர். கணவரின் அண்ணன், அண்ணி, மதுரையில் இருக்கும் என் அக்கா, சென்ற ஆண்டு மகனை அனுப்பிய மூன்றாம் மாடிக்காரர், அவர் சொன்ன கல்லூரி ஆலோசகர். ஐந்து பேரும் தெளிவாகப் பேசினார்கள். ஆறாவதாகக் கேட்டிருக்க வேண்டியவள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

“உங்கிட்ட கேக்கல. தப்புதான்” என்றேன்.

“ஓகே” என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அழவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சென்னைக்குக் கூப்பிட்டேன்.

“சார், அந்தக் கட்டுரையை நிறுத்திவைங்க.”

“பக்கம் கட்டியாச்சேம்மா.”

“பிரிச்சிடுங்க. வியாழக்கிழமை வேற தர்றேன்.”

“நீளம் ஏறுமா?”

“ஒரு வரி ஏறாது. ஆனா ஏறுச்சுன்னா மேலருந்து வெட்டுங்க. கீழ கை வைக்காதீங்க.”

“ஒன்பது வருஷம் நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இதுக்குத்தானா?” என்றார்.

“நீங்க சொல்லிக்கொடுத்ததாலதான் சார் இருபது நிமிஷத்துல இவ்வளவு பெரிய தப்பைப் பண்ண முடிஞ்சுது.”

சிரித்தார். வியாழன் என்றால் வியாழன், வெள்ளி ஆகக் கூடாது என்றார்.

நான்கு நாட்களும் அந்தக் கடிதங்களோடு உட்கார்ந்தேன். முதல் தடவை படித்தபோது அவற்றை மேற்கோளாக மட்டும் பார்த்திருந்தேன். இப்போது யார், யாருக்கு, எதற்காக எழுதினார்கள் என்று பார்த்தேன். நிறையக் கடிதங்கள் பழைய எஜமானருக்கு எழுதப்பட்டவை. அவர் வீட்டில் அவை பத்திரமாக இருந்ததால்தான் நம் கைக்கு வந்திருக்கின்றன. எழுதியவரின் தம்பியோ மகளோ இன்னும் அந்த எஜமானரிடம் இருக்கிறார்கள். அப்படியிருக்கும்போது அந்த மரியாதைச் சொற்களையும் நன்றியையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கேம்ப் பாஸ் பக்கத்தில் நிற்கும்போது சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்வதுபோல்தான் அது. அதற்காக எல்லாமே நடிப்பு என்றும் சொல்ல முடியாது. திரும்பி வர வழி கேட்டவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காலத்திலும் திரும்ப மாட்டேன், இங்கே என்னை மனிதனாக மதிக்கிறார்கள் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஒரே கப்பலில் இரண்டு வகையினரும் போயிருக்கக்கூடும்.

முதல் பத்தியில் ஒரு கப்பல் தளத்தை வைத்தேன். கணவனுக்கு விடுதலை கிடைத்துவிட்டது, மனைவி வேறொரு தோட்டத்துக்குச் சொந்தம், அவளை விற்க அந்தத் தோட்டக்காரருக்கு மனமில்லை. அவன் ஏறுவதா, வேண்டாமா. பலர் எதிர்கொண்ட நிலை அது. இரண்டாம் பத்தியில் பிலடெல்பியா. மூன்றாம் பத்தியில் அந்தக் கரையில் முன்பிருந்தே வாழ்ந்தவர்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு நான் படித்தவற்றில் அவர்கள் வாய்மொழியாக எதுவும் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைக்கவில்லை என்றே எழுதினேன். நாளிதழில் அப்படி ஒரு வாக்கியத்தை ஒருநாளும் விட்டிருக்க மாட்டேன். சங்கத்துக் கனவான்கள் ஐந்தாம் பத்தியில் வந்தார்கள். அவர்களுக்கு அந்த இடம் போதுமாக இருந்தது. மகளைப் பற்றியோ முவைலாவைப் பற்றியோ ஒரு சொல் சேர்க்கவில்லை. வியாழன் நண்பகலுக்குள் அனுப்பிவிட்டேன். அப்படியே அச்சில் வந்தது.

அந்த வியாழன் மாலையே கணவரிடம் பேசினேன். மகள் கடிதத்தைப் பார்த்துவிட்டாள் என்பதையும், அவளிடம் கேட்காமல் செய்தது தவறு என்பதையும் சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஏன் திருச்சின்னு உனக்குத் தெரியாதா?” என்றார்.

“அண்ணன் இருக்காரு, ஊர் பழகணும். அதானே.”

“அது இல்லம்மா. எங்க டிபார்ட்மென்ட்ல மூணு பேருக்கு வேலை இல்லன்னு லெட்டர் வந்துருச்சு. காலைல டியூட்டிக்கு வந்தாங்க, மத்தியானம் கலாஸ், முடிஞ்சுது. எனக்கு நாளைக்கு வராதுன்னு என்ன நிச்சயம்? இவ ரெண்டாவது வருஷம் படிச்சிட்டிருக்கும்போது வந்தா, விசாவும் போயிடும், படிப்பும் பாதில நிக்கும். அங்க கொண்டுபோய் விட்டுட்டா, எனக்கு எது நடந்தாலும் அவ படிப்பு நிக்காது.”

பத்தொன்பது ஆண்டுகள் கூட இருப்பவளிடமே அவர் இதை அப்போதுதான் சொன்னார்.

“இதை அவகிட்ட சொல்லியிருக்கலாமே.”

“பிள்ளைகிட்டப் போய் எனக்கு வேலை போயிரும்னு எப்படிச் சொல்றது?”

“சனிக்கிழமை சொல்லுங்க. முதல்ல அவ பேசட்டும். அவ முடிக்கிற வரைக்கும் நாம ரெண்டு பேரும் வாயைத் தொறக்கக் கூடாது.”

“எனக்கே ரூல்ஸா?”

“எனக்கும்தான்.”

சனிக்கிழமை காலை இட்லி முடிந்து தட்டுகளை எடுத்த பிறகு மூவரும் உட்கார்ந்தோம். மகள் ஒரு பிளாஸ்டிக் கோப்புறையைக் கொண்டுவந்தாள். அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

“ப்பா, உங்களுக்கு லெட்டர் வந்துடும்னு பயமா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“அம்மா சொல்லல. எங்களுக்குத்தான்ப்பா ஃபர்ஸ்ட் தெரியும். யாரோட அப்பாவுக்கு வேலை போனாலும் ஸ்கூல் பஸ்ல ஒரு சீட் காலியாகும். இந்த வருஷம் நிறைய காலி. உங்க ஆபீஸ் அங்கிளோட பொண்ணு என் பக்கத்து சீட்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

கோப்புறையைத் திறந்தாள். சென்ற மாதம் தோழியின் அம்மாவோடு கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். தகப்பனாரின் விசா ரத்தானால் என்ன ஆகும் என்று கவுன்டரில் கேட்டிருக்கிறாள். கல்லூரியே மாணவர் விசா எடுத்துக்கொடுக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கான படிவம் இருந்தது, என்னென்ன தாள்கள் வேண்டும் என்ற பட்டியலும் இருந்தது. மதிப்பெண்ணுக்கு எவ்வளவு கட்டணச் சலுகை என்பதைப் பென்சிலில் குறித்திருந்தாள். தெரியாதவற்றையும் ஒரு தாளில் தனியாக எழுதியிருந்தாள். அந்தத் தாள்தான் எனக்குப் பிடித்தது.

“இதை நீங்க யாராவது கேட்டீங்களா?” என்றாள்.

நாங்கள் கேட்டிருக்கவில்லை. ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

“முடிச்சிட்டியா?” என்றார் கணவர்.

“ஒண்ணு இருக்கு. எனக்குத் திருச்சி பிடிக்காதுன்னு இல்ல. எனக்குத் தெரியாது. இங்க படிக்க முடியாமப் போச்சுன்னா நான் போவேன். அன்னைக்கு எந்த ஊர், எந்த காலேஜ்னு நான் பாத்து நான் ஏறுவேன். அனுப்பிவிட்டு நான் போக மாட்டேன். இப்ப முடிச்சிட்டேன்.”

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து இரண்டு தடவை படித்தார். பொறியாளர், எதையும் இரண்டு தடவை படிப்பார். “விசா கிடைச்சாலும் தங்குறது? நாங்க இங்க இல்லன்னா?”

“காலேஜ் ஹாஸ்டல் இருக்கு. அது மூணாவது பக்கம்.”

மூன்றாவது பக்கத்தைப் பார்த்தார்.

“இது நம்ம ஊர் இல்ல பாப்பா. எத்தனை வருஷம் இருந்தாலும் இல்ல.”

“தெரியும்ப்பா. நான் இங்க எப்பவும் இருப்பேன்னு சொல்லல. இருக்க முடியிற வரைக்கும் இருக்கேன்னு சொல்றேன்.”

“நானும் அதத்தான் பத்தொன்பது வருஷமா பண்ணிட்டிருக்கேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. “தெரியாதுன்னு எழுதியிருக்கியே, அந்தத் தாளைக் கொடு. திங்கள்கிழமை பர்மிஷன் போட்டுட்டு நானும் வர்றேன். கேட்டுட்டு வருவோம்.”

திங்களன்று போனார்கள். ஏழு கேள்விகளில் ஆறுக்குப் பதில் கிடைத்தது. ஏழாவது, படிப்பு முடிந்த பிறகு என்ன என்பது. அதற்குக் கவுன்டரில் இருந்தவரிடம் பதில் இல்லை, எங்களிடமும் இல்லை.

அன்று மாலை கணவர் அண்ணனைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும் எதிர்முனையில் குரல் உயர்ந்தது. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. சீட்டு வாங்க எத்தனை பேரைப் பார்த்தேன், இப்படிக் கடைசியில் காலை வாருகிறாயே, சின்னப் பெண் பேச்சைக் கேட்டு ஆடுகிறாயா. வழக்கமாக அந்தக் குரலுக்குக் கணவர் பணிந்துவிடுவார். அன்று, “அவளே பேசுறா, கேளுங்க” என்று போனை மகளிடம் நீட்டினார்.

“பெரியப்பா, உங்களுக்கு ரொம்ப அலைச்சல் கொடுத்துட்டோம். சாரி. அது எங்க தப்பு. ஆனா நான் வரல.”

பெரியப்பா வெகுநேரம் பேசினார். அவள் இடையிடையே சரி பெரியப்பா, புரியுது பெரியப்பா என்றாள். முடிவில் மறுபடியும், “இல்ல பெரியப்பா, வரல. லீவுக்கு வர்றேன்” என்றாள். போனை அப்பாவிடம் கொடுத்தாள்.

விடுதி இடத்தை ரத்து செய்ய இணையத்தில் ஒரு படிவம் இருந்தது. பெற்றோர்தான் நிரப்ப வேண்டும். கணவர் மடிக்கணினியில் பெயர், விண்ணப்ப எண் எல்லாவற்றையும் தட்டினார். கடைசியில் காரணம் என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அனுப்ப முடியாது. குடும்பச் சூழ்நிலை என்று போட்டுவிடலாமா என்று என்னைக் கேட்டார். நான் மகளைப் பார்த்தேன். அவர் கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

மாணவி வர விரும்பவில்லை என்று ஆங்கிலத்தில் தட்டினாள். ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பு பொத்தானை அழுத்தினாள்.